"பேப்பர் டோட்டல்தான் சார், வண்டிக்கு ஒண்ணுமில்ல"

போன வாரம் கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி என் ஆபீசுக்கு வந்தார். வாசலில் சிவப்பு நிறத்தில் இரண்டு சீட் ஜெர்மன் கார், கூரை மடங்குகிற ரகம், 2016 மாடல். பெங்களூரில் ஒரு புரோக்கரிடம் 19 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறார். அதில் 6 லட்சம் அவருடைய அம்மாவின் நகையை அடகு வைத்த பணம். இன்சூரன்ஸ் விட்டுப்போயிருந்தது. புதுப் பாலிசி போடும் முன் வண்டியைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி கம்பெனி என்னிடம் அனுப்பியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க. வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டியில பூஜை போடணும்" என்றார்.

ஜாக்கி வைத்து முன் இடது பக்கத்தைத் தூக்கச் சொன்னேன். டயர் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதும் இடது கதவைத் திறந்து மூடினேன். மூடவில்லை. பூட்டு கொக்கியில் போய் இடித்து நின்றது. ஜாக்கியை இறக்கினேன், கதவு ஒழுங்காக மூடியது. மறுபடி தூக்கினேன், மறுபடி இடித்தது. கூரை இல்லாத காரில் பலம் முழுக்கத் தரையிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியிலும்தான் இருக்கும். அதை நாங்கள் சில் என்போம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சில்லில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் கருப்புப் பூச்சு புதிதாக மினுங்கியது. சாவியால் சுரண்டினேன். உள்ளே கோணல்மாணலாக வெல்டிங் தழும்பு. யாரோ வண்டியை அந்த இடத்தில் அறுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

தம்பி அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "டோட்டல் ஆன வண்டின்னு புரோக்கரே சொன்னாரு அண்ணே. ஆனா பேப்பர் டோட்டல்தான், வண்டிக்கு ஒண்ணுமில்லன்னாரு" என்றார்.

இருபது வருஷத்துக்கு மேலாகக் காரைக்குடியில் மோட்டார் சர்வேயராக, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வண்டியைப் பார்த்து அறிக்கை தருபவராக இருக்கிறேன். இந்த வருஷம் மட்டும் இப்படி என் முன்னால் வந்து நின்ற வண்டிகளில் இது ஐந்தாவது. ஐந்து பேரிடமும் அதே வாசகத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அந்த வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பாலிசியில் வண்டிக்கு எழுதியிருக்கும் மதிப்பு ஐடிவி. வண்டியை மீட்டு வந்து ரிப்பேர் செய்யும் செலவு அந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம், என்ற கணக்கில் வைப்போம். கம்பெனி உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். நசுங்கிய வண்டி, அதாவது சால்வேஜ், ஏலத்துக்குப் போகும். சில நேரம் உரிமையாளரே அதை வைத்துக்கொண்டு மீதிப் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். எப்படியும் அந்த வண்டி கடைசியில் ரிப்பேர் செய்து விற்பவர் கைக்கு வந்துவிடும்.

புரோக்கர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் ஆபத்து. "இந்த மாதிரி வண்டிக்கு பார்ட்ஸ் விலை அதிகம். ரெண்டு ஹெட்லைட், பம்பர், நாலு ஏர்பேக் போனாலே டோட்டல் போட்டுருவாங்க. இடி சின்னதுதான்." சரி, ஸ்போர்ட்ஸ் காரில் சின்ன இடிகூட டோட்டலில் முடியலாம். நானே அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. பார்ட்ஸ் விலை அதிகம் என்பதால்தான் டோட்டல் என்றால், விலை அதிகமான அந்த பார்ட்ஸை வாங்கி மாட்டியது யார்? எந்தப் பணத்தில்?

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஐடிவி 36 லட்சம். அதில் 75 சதவீதம் 27 லட்சம். எஸ்டிமேட் 29 லட்சம் வந்தது, டோட்டல் ஆனது. ஏலத்தில் ஒருவர் 9 லட்சத்துக்கு எடுத்து உங்களுக்கு 19 லட்சத்துக்கு விற்கிறார். நடுவில் இருப்பது 10 லட்சம். அதில் லாரி வாடகை, கமிஷன், அவருடைய லாபம் எல்லாம் போக வண்டிக்கு 5 லட்சம் செலவு செய்திருப்பார் என்று தாராளமாகவே வைப்போம். ஷோரூம் கூலி அதிகம், வெளியில் செய்தால் பாதிதான் ஆகும், பழைய பார்ட்ஸ் போட்டால் இன்னும் குறையும். அதையும் ஒத்துக்கொள்கிறேன். 29 லட்சம் 15 லட்சமாகட்டும். அப்போதும் 10 லட்சம் ரூபாய் வேலை செய்யப்படவே இல்லை. வண்டி பார்க்கப் பளபளவென்றுதானே இருக்கிறது? அப்படியென்றால் விட்டுப்போன வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஏர்பேக்கில், சீட் பெல்ட்டில், சில்லில், ஒயரிங்கில். அவை எல்லாமே உயிரைக் காப்பாற்றுவதற்கென்று வைத்தவை.

நம் ஊரில் பழைய வீட்டை இடித்துக் கொண்டுவந்த தேக்குத் தூணை முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கும்போது என்ன செய்கிறோம்? படுக்கப் போட்டு உருட்டிப் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம், அடியில் கரையான் தொட்டிருக்கிறதா என்று ஆணியால் குத்திப் பார்க்கிறோம். எந்த ஊர் வீடு, ஏன் இடித்தார்கள் என்றுகூடக் கேட்கிறோம். அவ்வளவு விவரமான ஜனங்கள் 19 லட்சத்துக்கு வண்டி வாங்கும்போது மட்டும் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து டோக்கன் போடலாமா?

அடுத்து ஆர்சி. "ஆர்சி கிளீனா இருக்கு சார், ஆன்லைன்லயே பாருங்க" என்பார்கள். பாருங்கள், கிளீனாகத்தான் இருக்கும். நம் ஆர்சியில் டோட்டல் லாஸ் என்று எழுத இடமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வண்டி அழிந்துபோனாலோ இனி ஓட்டவே முடியாது என்று ஆனாலோ 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். ஆனால் டோட்டல் லாஸ் என்பது இன்சூரன்ஸ் கணக்கு. "ரிப்பேர் பண்ணினா ஓடுமே" என்ற ஒரே காரணத்தால் ஆர்சி உயிரோடு இருக்கும், கை மாறிக்கொண்டே இருக்கும். அரசின் பரிவாகன் தளத்தில் கடன், வரி எல்லாம் தெரியும். அந்த சில் அறுந்தது தெரியாது.

அமெரிக்காவில் இதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். வண்டியின் உரிமைப் பத்திரத்தை அங்கே டைட்டில் என்கிறார்கள். டோட்டல் ஆன வண்டிக்கு அதில் 'சால்வேஜ்' என்று மாநில அரசே போட்டுவிடும். சரிசெய்து சோதனைக்குக் காட்டினால் பல மாநிலங்களில் அது 'ரீபில்ட்' என்று மாறும். பள்ளத்தூர்ப் பையன் ஒருவர் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். சால்வேஜ் டைட்டில் மஸ்டாங் மலிவாக வருகிறது, வாங்கலாமா அண்ணே என்று படம் அனுப்பியிருந்தார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அங்கே பல மாநிலங்களில் அந்தச் சோதனை முக்கியமாகத் திருட்டு பார்ட்ஸ் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். வண்டியின் அடிக்கூடான சேஸிஸ் நேராக இருக்கிறது என்று அது உத்தரவாதம் தராது. முழு இன்சூரன்ஸ் தரப் பல கம்பெனிகள் தயங்கும். பேங்க் கடன் கிடைப்பது சிரமம். விற்கப் போனால் உங்களுக்குக் கிடைத்த அதே மலிவு விலையில்தான் விற்க வேண்டும். ஒரு நல்லது உண்டு. வண்டியின் அடையாள எண்ணை இணையத்தில் தேடினால் ஏலத்தில் நசுங்கிக் கிடந்த படம் பெரும்பாலும் அகப்படும். அதைப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி வகை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தோம். அவை எல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? கழுவித் துடைத்து நம்மைப் போன்ற காய்ந்த ஊர்களுக்கு வரும். இங்கே யாருக்கும் சந்தேகம் வராது பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். எப்போதும் உருளைக்குள் சுருண்டிருக்கும் அந்தக் கடைசி இரண்டு முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது. ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது. முழங்கால் தண்ணீரே சீட் வரைக்கும் வந்துவிடும். கம்ப்யூட்டர் பெட்டிகளையும் சில மாடல்களில் தரையோடுதான் வைத்திருக்கிறார்கள். துருவைப் பற்றியும் ஆராய்ச்சி செய்யும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 முதல் நம் ஊரில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் யாரையாவது கேளுங்கள், ஈரம் புகுந்த செம்புக் கனெக்டர் என்ன ஆகும் என்று. இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். ஆறு மாதம் கழித்து மானாமதுரை ரோட்டில் ராத்திரி நின்றுவிடும்.

ஏர்பேக் விஷயத்தில் நான் கெஞ்சித்தான் கேட்கிறேன். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய கனெக்டரில் சில ரூபாய் விலையுள்ள ரெசிஸ்டர் ஒன்றைச் செருகினால் போதும், கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். கோட்டையூர்த் தம்பியின் வண்டியில் ஸ்டீயரிங் நடு மூடியை அழுத்திப் பார்த்தேன். சட்டியைத் தட்டுவது போல வெற்றுச் சத்தம் வந்தது. கழற்றினால் உள்ளே மடித்த ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மூடி உடைந்த இடத்தைப் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த வண்டியில் அவர் பெங்களூரிலிருந்து இவ்வளவு தூரம் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். டோட்டல் ஆன வண்டியின் ஆர்சியையும் சேஸிஸ் நம்பரையும் மட்டும் வாங்கி, திருடிய அதே மாடல் வண்டியில் அந்த நம்பரை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த தகட்டைச் சுற்றி வெல்டிங் தெரிந்தாலோ, எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ அங்கேயே திரும்பி நடந்துவிடுங்கள். போலீஸ் வண்டியைக் கொண்டுபோகும்போது உங்கள் பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பேச்சை ஆரம்பிக்கும் முன் பழைய பாலிசிகளைக் கேளுங்கள், முதல் உரிமையாளர் காலத்திலிருந்து. க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். அதே உரிமையாளர் கையில் இருக்கும்போது அது சட்டென்று பூஜ்யம் ஆகியிருந்தால் அந்த வருஷம் ஏதோ நடந்திருக்கிறது. உரிமையாளர் மாறினாலும் பூஜ்யம் ஆகும், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நடுவில் பல மாதம் பாலிசியே இல்லையென்றால் வண்டி எங்கே கிடந்தது என்று கேளுங்கள். டோட்டல் என்று ஒத்துக்கொண்டால் சர்வே போட்டோவும் எஸ்டிமேட்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். எஸ்டிமேட்டில் உள்ள ஒவ்வொரு பார்ட்டுக்கும் பில் எங்கே என்று வரிசையாகக் கேளுங்கள். ஷோரூமில் லிப்டில் ஏற்றி ஸ்கேனர் போட வேண்டும். விற்பவர் மறுத்தால் வேண்டாம். பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியால் பில்லரையும் சில்லையும் பாருங்கள். கதவையும் பானெட்டையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதில் எனக்குக் கவலை இல்லை. கண்ணாடிகளில் உள்ள முத்திரையில் ஒன்று மட்டும் வேறு கம்பெனியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அலுமினியம் பாடி என்றால் லோக்கல் வெல்டிங் பட்ட இடமே இருக்கக் கூடாது. சூடு பட்ட அலுமினியத்துக்குப் பழைய பலம் திரும்பாது. வெளிமாநில நம்பர் என்றால் அந்த மாநில ஆர்டிஓ தரும் ஆட்சேபணை இல்லாச் சான்றான என்ஓசி, நம் மாநில ஆயுள் வரி எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்பர் மாற்றியாக வேண்டும்.

எல்லா டோட்டல் வண்டியும் குப்பை என்று நான் சொல்லவில்லை. திருடுபோய், கம்பெனி பணம் கொடுத்த பிறகு முழுதாகக் கிடைத்த வண்டி, வெளித்தகடு மட்டும் நசுங்கி சேஸிஸ் தொடாத வண்டி, இவற்றை போட்டோவோடும் பில்லோடும் காட்டினால் நானே நல்லது என்று எழுதிக் கொடுப்பேன். அப்படி வந்தவை மிகக் குறைவு.

கோட்டையூர்த் தம்பியின் வண்டிக்கு இன்சூரன்ஸ் சிபாரிசு செய்ய முடியாது என்று எழுதிவிட்டேன். புரோக்கர் போனை எடுப்பதில்லை. இரண்டு நாள் கழித்துத் தம்பி கூப்பிட்டார். மதுரையில் ஒருவர் 14 லட்சத்துக்குக் கேட்கிறாராம். "கொடுத்துரலாமா அண்ணே? அம்மா நகையையாவது மீட்டுருவேன்."

என் அறிக்கையின் நகலையும் சில்லின் படங்களையும் அந்த மதுரைக்காரர் கையில் கொடுத்து, படித்த பிறகும் அவர் கேட்டால் கொடு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "படிச்சா வாங்க மாட்டாருண்ணே" என்றார். இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன, பிரித்து பார்ட்ஸாகக் கொடுக்கத் திருச்சியில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், பாதிப் பணமாவது தேறும் என்றேன். திங்கள்கிழமை காலையில் இரண்டு பேரும் போகிறோம்.