செரிஃப்: எழுத்தின் நுனியில் ஒரு கோடு

போன மாதம் நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மெரூன் அட்டை, தங்க நிற எழுத்து. மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாக, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு அழகு. கீழே மண்டபத்தின் முகவரியும் அதே எழுத்துருவில், 8 பாயின்ட் அளவில். அதைத்தான் படிக்க முடியவில்லை. 'ஹெச்' எழுத்தின் குறுக்குக்கோடு அச்சில் விழவே இல்லை. இரண்டு குச்சிகள் மட்டும் நின்றன. எழுத்துரு போடோனி. குறை அதனுடையது அல்ல, அதை வைத்த இடத்தில்தான் இருக்கிறது. போடோனி 'டிஸ்பிளே செரிஃப்' வகை. அந்தப் பெயரைப் புரிந்துகொண்டால் காரணம் விளங்கிவிடும்.

ரோமன் எழுத்தின் தண்டோ கையோ முடிகிற இடத்தில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடுதான் செரிஃப். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ'யின் தலையிலும் காலிலும் இருக்குமே, அது. அது இல்லாத எழுத்து சான்ஸ் செரிஃப். 'சான்ஸ்' என்றால் பிரெஞ்சில் 'இல்லாமல்'.

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் முழு உறுதி கிடையாது. டச்சு மொழியின் 'ஸ்க்ரேஃப்' என்ற சொல்லையே அகராதிகள் பெரும்பாலும் சுட்டுகின்றன. அதற்குக் கோடு, கீற்று என்று பொருள். எழுதுவதைக் குறிக்கும் டச்சு வினைக்கு அது உறவு. அந்த வினைக்கு வேர் லத்தீனின் 'ஸ்க்ரீபெரே'. கோடும் எழுத்தும் ஒரே வேரில் பிறப்பது நமக்குப் புதிதல்ல. தமிழில் 'வரை' என்றால் கோடு. கடிதம் வரை, கட்டுரை வரைக என்றால் எழுதுவது.

பெயருக்கு வயது 200 ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கோட்டுக்கோ ஏறத்தாழ 2,000 ஆண்டு. ரோமில் கி.பி. 113-இல் எழுந்த டிராஜன் தூணின் அடிப்பீடத்துக் கல்வெட்டில் அச்சுக் குத்தியது போன்ற செரிஃப்கள் இருக்கின்றன. உளி போன போக்கில் வந்தவை என்றே பலர் நம்பினார்கள். அமெரிக்கப் பாதிரியார் எட்வர்ட் கேட்டிச் 1968-இல் வேறு விளக்கம் சொன்னார்: கல்லில் முதலில் தட்டைத் தூரிகையால் எழுதினார்கள், கோட்டை முடிக்கும்போது தூரிகை திரும்பிய திருப்பமே செரிஃப், உளி அதன்மேல்தான் ஓடியது. அவர் பெயர்ப்பலகை எழுதும் தொழிலும் செய்தவர். கையறிந்து சொன்ன அந்த விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

இனி போடோனிக்கு வருவோம். ஜாம்பட்டிஸ்டா போடோனி 1768 முதல் இத்தாலியின் பார்மா நகரில், கோமகனின் அச்சகத்தை நடத்தியவர். 1813-இல் இறந்தார். அவருடைய எழுத்து மாதிரிகளின் பெருந்தொகுப்பை 1818-இல் மனைவி மார்கெரிட்டா வெளியிட்டார். அந்த எழுத்தில் ஒரு பக்கம் கம்பீரமான தடித்த தண்டு, மறுபக்கம் மயிரிழைக் கோடு. செரிஃபும் மயிரிழைதான். பழைய எழுத்துகளில் தண்டு மெல்ல வளைந்து செரிஃபோடு சேரும். இங்கே கிட்டத்தட்ட செங்கோணத்தில் உட்காரும். 'யு' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடக்கால் தூண், வலக்கால் நூல். 72 பாயின்டில் அந்த நூல் மின்னும். 8 பாயின்டில், அதுவும் சுற்றிலும் அடர்ந்த மை பூசி எழுத்தை மட்டும் மை படாமல் வெளிறவிட்டால், மை பரவி நூலை விழுங்கிவிடும். ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ஐ.டி.சி. போடோனியில் இதற்காகவே 6, 12, 72 என்று மூன்று அளவுக்கு மூன்று வடிவம் வரைந்தார்கள். சிறிய அளவுக்கான வடிவத்தில் மெல்லிய கோடுகள் தடித்திருக்கும்.

ஆக, டிஸ்பிளே என்பது அலங்காரத்தை மட்டும் சொல்லவில்லை, அளவையும் சொல்கிறது. நாளிதழ்த் தலைப்பு, நூல் அட்டை, வாசனைத் திரவியப் புட்டி, கடைப் பெயர் என நாலைந்து சொல் பெரிதாக நிற்கும் இடம் அதற்குரியது. வோக் ஃபேஷன் இதழின் பெயர், போடோனியைப் போலவே தடிப்பும் மயிரிழையும் கொண்ட பிரெஞ்சு எழுத்தான டிடோ வகையில் நிற்பது இதனால்தான். பத்தி பத்தியாக அதில் ஓட்டினால் கண் வலிக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளேஃபேர் டிஸ்பிளேயும் தலைப்புக்கு வரைந்ததுதான், பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? டிஸ்பிளேக்குக் 'காட்சி எழுத்துரு' என்பது நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் எதையும் விளக்காது. 'தலைப்பெழுத்துரு' என்றால் எங்கே வைக்க வேண்டும் என்பது பெயரிலேயே வந்துவிடும். செரிஃபுக்குப் பிற மொழிக்காரர்கள் கண்ணில் பட்டதைப் பெயராக்கினார்கள். இத்தாலியர் 'கிராட்ஸியே', அதாவது நளினங்கள் என்கிறார்கள். ஜெர்மானியர் பேச்சு வழக்கில் குட்டிப் பாதங்கள் என்பார்கள். பாதம் எனக்கும் பிடிக்கிறது, ஆனால் தலையில் இருப்பதைப் பாதம் என்று எப்படிச் சொல்வது? 'நுனிவரை' என்று ஆக்கிப் பார்த்தேன். நுனி மட்டும் என்று பொருள் மாறிவிடுகிறது. 'நுனிக்கோடு' பொருந்துகிறது. நுனிக்கோட்டு எழுத்துரு, நுனிக்கோடிலா எழுத்துரு என்று விரிக்கவும் முடிகிறது.

தமிழ் எழுத்துருக்களுக்கு மட்டும் இந்தப் பெயரை அப்படியே ஒட்டக் கூடாது. கூகுளின் தமிழ் எழுத்துருக்களான நோட்டோ செரிஃப் தமிழை நோட்டோ சான்ஸ் தமிழிடமிருந்து பிரித்துக் காட்டுவது முக்கியமாகக் கோட்டின் தடிப்பும் மெலிவும்தான். அதற்குத் 'தடிமெலி எழுத்துரு' என்பதே சரியான பெயர். நம் எழுத்தின் உறுப்புகளுக்குக் கொம்பு, சுழி, துணைக்கால் என்று ஏற்கெனவே பெயர்கள் உண்டு. ரோமன் எழுத்தைப் பற்றித் தமிழில் பேசும்போது நுனிக்கோடும் அந்த வரிசையில் வந்து நிற்கட்டும்.