ஏறாத டயர், ஆடும் ஹப்: சில மில்லிமீட்டர் கணக்கு

சைக்கிள் டயரின் இரு ஓரங்களிலும் ரப்பருக்குள் ஒரு கம்பி வளையம் ஓடுகிறது. பெரும்பாலும் எஃகுக் கம்பி. மடக்கக்கூடிய டயர்களில் கெவ்லார் நார். எதுவானாலும் அது நீளக்கூடாது. காற்று ஏறியதும் டயர் ரிம்மைவிட்டுத் தெறிக்காமல் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். 1890இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் இவ்வகை டயருக்குக் காப்புரிமை பெற்றபோது, ரிம்முக்கும் நடுவில் பள்ளம் வைத்தார். நீளாத வளையத்தை அதைவிட விட்டம் பெரிதான ரிம் ஓரத்தைத் தாண்டி உள்ளே கொண்டுவர அந்தப் பள்ளம் ஒன்றே வழி. டயர் ஏறவில்லை என்று லிவரைப் போட்டு நெம்புகிறவர்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். கம்பி உட்காரும் திட்டைவிட நடுப்பள்ளம் 3 மி.மீ. ஆழம், ரிம்மின் ஓரம் 6 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றில் ஆறில் ஐந்து பங்குக்குக் கம்பி பள்ளத்தில் இறங்கியிருந்தால் கிடைக்கும் தளர்வு 2 × 3.14 × 3 × 5/6, அதாவது சுமார் 15.7 மி.மீ. மீதி ஆறில் ஒரு பங்கு ஓரத்தைத் தாண்டத் தேவைப்படுவது சுமார் 6.3 மி.மீ. வெறுங்கையால் ஏற்றிவிடலாம். பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறங்கி, மற்றது திட்டின்மேலேயே நின்றுவிட்டால் கிடைப்பதும் அதே 6.3 மி.மீ. மிச்சம் ஒன்றுமில்லை. கை வலிப்பதும் லிவரைத் தேடுவதும் அப்போதுதான். இந்தக் கணக்கில் சக்கரத்தின் விட்டம் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். சின்னச் சைக்கிளுக்கும் பெரிய சைக்கிளுக்கும் இதே அளவுதான்.

ரிம் டேப்பின் தடிமன் ஏன் முக்கியம் என்பதும் இதில் தெரிகிறது. 1 மி.மீ. தடிமனான ரப்பர் பட்டையைப் போட்டால் பள்ளத்தின் ஆழம் 3லிருந்து 2 ஆகிறது, 15.7 மி.மீ. தளர்வு 10.5 ஆகச் சுருங்குகிறது. இறுக்கமான டயர் என்றால் மெல்லிய துணி டேப்போ பிளாஸ்டிக் டேப்போ போடுங்கள். பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக இருந்து, ஸ்போக் துளைகளை மூடினால் போதும். திட்டின்மேல் ஏறும் அளவுக்கு அகலமான டேப் கம்பியை இறங்கவிடாது.

இதற்கெல்லாம் முன்னால் டயரின் எண்ணைப் பாருங்கள். அங்குல அளவு ஏமாற்றும். நம் ஊர் ரோட்ஸ்டரின் 28 × 1½ டயரில் 40-635 என்றும், 28 × 1⅝ × 1⅜ டயரில் 37-622 என்றும் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது கம்பி வளையத்தின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். இரண்டும் '28'தான், ஆனால் கம்பி வளையத்தின் விட்டத்தில் 13 மி.மீ. வித்தியாசம், சுற்றளவில் 40 மி.மீ.க்கு மேல். 622 டயர் 635 ரிம்மில் ஏறவே ஏறாது என்பதால் ஆபத்து குறைவு. 26 × 1½ டயரும் (584) 26 × 1⅜ ரிம்மும் (590) சேர்வதுதான் மோசம். சுற்றளவில் சுமார் 19 மி.மீ. குறைவு என்பதால் வெறும் இறுக்கமான டயர் போலத் தோன்றும். நெம்பிக்கொண்டே போனால் கம்பி அறுந்துபோகும். கம்பி அறுந்த டயர் காற்றடித்ததும் ஓர் இடத்தில் புடைத்து ரிம்மைவிட்டு வெளியே வரும். அதைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

மாட்டும் முறை இது. முதல் ஓரத்தை ரிம்முக்குள் தள்ளுங்கள். டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, வால்வைத் துளையில் விட்டு உள்ளே வையுங்கள். இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, இரு கைகளாலும் இரு பக்கமாக நகர்ந்து, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். வால்வின் அடிப்பகுதி தடிமனாக இருப்பதால் அங்கே கம்பி பள்ளத்தில் இறங்காது. அந்த இடத்தை முதலில் மூடிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் முடிக்கும்போது வேண்டிய தளர்வில் ஒரு பகுதி போய்விடும்.

கடைசி ஒரு சாண் நீளம் ஏறாமல் நிற்கும்போது அந்த இடத்தோடு போராட வேண்டாம். டியூபின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். இரு ஓரங்களையும் கட்டைவிரல்களால் நடுவை நோக்கிக் கிள்ளிப் பள்ளத்தில் இறக்கியபடியே, கிடைக்கும் தளர்வைத் திறந்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஏற்றிய பகுதி திரும்ப நழுவினால் பழைய டியூப் துண்டால் ரிம்மோடு கட்டிவையுங்கள். ஓரத்தில் சோப்பு நீர் தடவலாம்; எண்ணெயும் கிரீஸும் கூடாது, ரப்பர் கெடும். மீதியை நடுவில் தூக்காமல், ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு விரல் அகலமாக உள்ளங்கையால் உருட்டி ஏற்றுங்கள். டயரை வெயிலில் வைத்தால் எளிதாக ஏறும் என்பது உண்மைதான். ஆனால் 30 டிகிரி கூடினாலும் எஃகு வளையம் 1 மி.மீ. கூட நீளாது; இளகுவது ரப்பர்தான்.

ஏறியதும் வால்வை உள்ளே ஒரு முறை அழுத்தி விடுங்கள். ஓரத்தை ஒதுக்கிச் சுற்றிலும் பாருங்கள். டியூப் எங்கும் கம்பிக்கடியில் தெரியக்கூடாது. கொஞ்சம் காற்றடித்து, டயரின் பக்கத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். கோடு உள்வாங்கிய இடத்தில் கம்பி இன்னும் பள்ளத்திலேயே இருக்கிறது. சோப்பு நீர் தடவிக் காற்றை ஏற்றினால் வெளியே வரும். டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம்.

சக்கரம் கையில் இருக்கும்போதே அதன் நடுக்குடமான ஹப்பையும் பார்த்துவிடுவது நல்லது. ஹப்பின் நடுவே செல்லும் அச்சான ஆக்ஸிலின் இரு முனைகளையும் விரலால் பிடித்துச் சுழற்றுங்கள். நறநறவென்று உணர்ந்தால் உள்ளே மண்ணோ குழியோ இருக்கிறது. மேலும் கீழும் அசைந்தால் கோன் தளர்ந்திருக்கிறது.

ஹப்பின் உடலில் பதிந்திருப்பது கப். ஆக்ஸிலின் மரையில் திருகியிருப்பது கோன். நடுவில் பால்ரஸ் குண்டுகள். குண்டு இரண்டையும் சாய்வாகத் தொடுவதால், கோனை உள்ளே திருகினால் இடைவெளி குறையும். வெளியே திருகினால் கூடும். மெட்ரிக் மரையில் கோன் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்கிறது. அங்குலத்துக்கு 26 மரை உள்ள பழைய ஆக்ஸிலிலும் ஏறத்தாழ அதேதான். எட்டில் ஒரு சுற்று என்றால் 0.125 மி.மீ. சரியான நிலைக்கும் தவறான நிலைக்கும் இடையே இருப்பது அவ்வளவுதான்.

பெரும்பாலும் முதலில் தேய்வது கோன். ஆக்ஸில் சுற்றாது, வண்டியின் பாரம் கோனின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது. கப் சக்கரத்தோடு சுற்றுவதால் பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்கிறது. அதனால் கோனைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழி விழுந்த கோனை எவ்வளவு சரிசெய்தாலும் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். அதிகமாக இறுக்கினாலும் இதே குழிகள்தான், இன்னும் சீக்கிரமாக.

வழக்கமாக முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டுகள், 3/16 அங்குலம்; பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, ¼ அங்குலம். கழற்றும்போது எண்ணி வையுங்கள். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு கலந்த புதுக் குண்டு துளி பெரிதாக இருப்பதால் பாரம் முழுவதும் அதன்மேல் விழும். கப்பை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டு, தாராளமாகக் கிரீஸ் வைத்து, குண்டுகளை அதில் பதியுங்கள்.

பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கத்துக் கோனையும் அதைப் பூட்டும் லாக் நட்டையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிவிடுங்கள். சரிசெய்வதெல்லாம் இடப்பக்கத்தில் மட்டும். மெல்லிய கோன் ஸ்பேனர் இங்கே அவசியம், சாதாரண ஸ்பேனர் கோனின் ஒடுங்கிய பக்கங்களில் நுழையாது. பல ஹப்புகளில் முன்பக்கம் 13, பின்பக்கம் 15 மி.மீ. கோனை விரலால் குண்டு தொடும்வரை திருகி, எட்டில் ஒரு சுற்று திரும்ப எடுங்கள். கோனை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இப்போது பார்த்தால் ஆக்ஸில் முன்பைவிட இறுக்கமாக இருக்கும். மரைகளுக்கு இடையே உள்ள நூலளவு தளர்வை லாக் நட் உள்நோக்கித் தள்ளிவிடுவதே காரணம். அதனால்தான் முதலிலேயே கொஞ்சம் தளர்வாக விடுகிறோம். ஒரே தடவையில் அமைவது அரிது. மூன்று நான்கு முறை திருத்துவது இயல்பு.

நட் போட்டு இறுக்கும் ஆக்ஸிலில் ஆட்டமே இல்லாமல் அமைக்க வேண்டும். லிவரை மூடிப் பூட்டும் குவிக் ரிலீஸ் ஆக்ஸிலில் கைக்குத் தெரியும் அளவு சிறு ஆட்டம் விட வேண்டும். லிவரை மூடும்போது அது உள்ளீடற்ற ஆக்ஸிலை நெருக்கிச் சற்றுக் குறுக்கி, அந்த ஆட்டத்தை எடுத்துவிடும்.

சக்கரத்தை வண்டியில் பூட்டியபின் பிரேக் கட்டைக்கருகில் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கப்புகளுக்கிடையே 60 மி.மீ. உள்ள ஹப்பில் ஆக்ஸிலின் முனைகள் எதிரெதிராக 0.05 மி.மீ. ஆடினால்கூட 700சி (622) ரிம்மில் அது அரை மி.மீ. ஆகத் தெரியும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி விடுங்கள். கனமான பக்கம், பெரும்பாலும் ரிஃப்ளெக்டரோ வால்வோ உள்ள இடம், கீழே வந்து முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். ஆடாமல் பொசுக்கென்று நின்றால் கோன் இறுக்கம். புதுக் கோனும் குண்டும் போட்ட ஹப் சில நாள் ஓடியபின் லேசாக ஆட்டம் காட்டும். அப்போது எதையும் பிரிக்க வேண்டாம்; இடப்பக்க லாக் நட்டைத் தளர்த்தி, கோனை ஒரு மயிரிழை உள்ளே திருகி, மறுபடி பூட்டிவிடுங்கள்.