ஏரிக்கரையில் துணியில்லாத ஆண்கள்: அந்தப் படத்தைக் கிழிக்கும் முன்

அமெரிக்காவில் பழைய புகைப்படங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் வேலை. தாத்தா வீட்டைக் காலி செய்பவர்கள் அட்டைப்பெட்டியோடு வருவார்கள். சில சமயம் ஒரு படத்தை மட்டும் உருவிக் கவிழ்த்து வைத்து, "இதை எறிந்துவிடலாம்" என்பார்கள். திருப்பிப் பார்த்தால், ஏரிக்கரையில் துணியில்லாமல் நாலைந்து ஆண்கள் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது தாமஸ் ஈக்கின்ஸின் கதை. பிலடெல்பியாவில், பென்சில்வேனியா அகாடமி என்ற கலைப்பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். 1884 வாக்கில் மாணவர்களோடு ஊருக்கு வெளியே டவ் ஏரிக்குப் போய், அவர்கள் நிர்வாணமாகக் குளிப்பதைப் படமெடுத்தார். ஆண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் அப்படிக் குளிப்பது அன்று சாதாரணம். ஒய்எம்சிஏ குளங்களிலேயே 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதுதான் வழக்கம். கம்பளி நீச்சலுடையின் இழை வடிகட்டியை அடைத்துவிடுமாம்!

அதே குளியலை 1885-இல் ஓவியமாகவும் தீட்டினார். வலது மூலையில் நீந்தி வருபவர் அவரேதான், பக்கத்தில் அவருடைய நாய். வரையச் சொன்ன அகாடமி நிர்வாகி அதை வாங்காமல் வேறொரு ஓவியத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் கோவணத்தை அகற்றியதற்காக ஈக்கின்ஸ் வேலையையே விட வேண்டியதாயிற்று. 1938-இல் அவர் மனைவி இறந்தபின், வீட்டில் கிடந்த படங்களையும் காகிதங்களையும் சார்ல்ஸ் பிரெக்லர் என்ற பழைய மாணவர் எடுத்து வைத்துக்கொண்டார். 1985-இல் அந்தத் தொகுப்பை வாங்கியது யார் தெரியுமா? ஈக்கின்ஸை வெளியேற்றிய அதே பென்சில்வேனியா அகாடமிதான்.

உங்கள் பெட்டியில் இருப்பது ஈக்கின்ஸ் எடுத்ததாக இருக்காது. ஆனாலும் கிழிக்காதீர்கள். உடனே இணையத்தில் ஏற்றவும் வேண்டாம். படத்திலிருப்பவரின் பேரப்பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். படத்தை வைத்து அதிலிருக்கும் ஆண்களுக்குள் என்ன உறவு என்று ஊகிப்பதும் வீண். நண்பர்களாக இருக்கலாம், காதலர்களாகவும் இருக்கலாம். பின்பக்கத்தில் பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதை அழித்துவிடாதீர்கள்.

அப்புறம், ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. அந்தக் காலத்துப் படங்களில் பல, முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் அச்சானவை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, அமிலமில்லாத உறையில் போட்டுவிடுங்கள். கூடவே பிசுபிசுப்பான, பழுப்பேறிய பிலிம் சுருள் இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். சட்டென்று தீப்பிடிக்கும். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் தனியாக வைத்துவிட்டு எங்களைப் போன்ற ஒருவரைக் கூப்பிடுங்கள்.