துணிக்கட்டம்: ‘குவில்ட் பிளாக்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல்

இலங்கை மலையகத்தில் தையல் பழகுவோர் பலர், போர்வைக்காகச் சிறு துணிகளை இணைத்துத் தைக்கும் அலகைக் குறிக்கும் ‘குவில்ட் பிளாக்’ என்ற சொல்லை இணையக் காணொளிகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கின்றனர். தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் சிலர் ‘ஒட்டுத்துணி’ என்றும், சிலர் ‘துண்டு’ என்றும், சிலர் ‘மெத்தை விரிப்பு’ என்றும் எழுதுகின்றனர். இம்மூன்றும் வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதால், நிறத்தையும் அடுக்கும் முறையையும் மாற்றிப் பார்க்க விரும்பும் ஒருவருக்குச் செய்முறையே குழம்பிவிடுகிறது.

‘குவில்ட்’ என்பது இலத்தீன் மொழியில் மெத்தையைக் குறித்த ‘குல்கிற்றா’ என்னும் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கிய போர்வையே குவில்ட் ஆகும். மேல்துணி ஒரே துணியாக இருந்தாலும் அது குவில்ட்தான். ‘பிளாக்’ என்ற சொல்லோ மரக்குற்றியைக் குறித்த பழைய டச்சுச் சொல்லிலிருந்து பிறந்து, பின்னர் தனித்து நிற்கும் எந்தத் திரளுக்கும் பெயராயிற்று. தையலில் அது, சிறு துணிகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, பெரும்பாலும் சதுரமாக முடித்த ஓர் அலகைக் குறிக்கிறது. அத்தகைய அலகுகள் பலவற்றை அருகருகே இணைத்தால் போர்வையின் மேல்துணி உருவாகிறது.

தமிழில் இவ்வேலைக்குப் பழஞ்சொற்கள் இல்லாமலில்லை. தைத்தலைக் குறிக்கும் ‘துன்னல்’ என்ற சொல், கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்று வருகிறது. வேறு துணியின் நூல்கள் புகுந்து புகுந்து, தையலாலேயே நிலைத்து நிற்கும் கந்தையை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன அந்த அடியை நான் மிகவும் மதிக்கிறேன். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் தையற்காரர் ‘துன்னகாரர்’ எனப்படுகின்றனர். ஆனால் இன்று துன்னப் போர்வை என்று எழுதினால் தோட்டத்து லயத்திலோ (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பிலோ) நகரத்துத் தையற்கடையிலோ எவருக்கும் விளங்காது. அகராதியில் மட்டும் வாழும் சொல்லைக் கைத்தொழிலுக்குப் பெயராக்குவது எனக்கு உடன்பாடில்லை.

வழக்கில் உள்ள ‘ஒட்டு’ என்ற சொல்லில் வேறொரு சிக்கல் உண்டு. ஒட்டுப்போடுதல் என்பது கிழிந்த இடத்தின் மேல் இன்னொரு துணியை வைத்துத் தைப்பதாகும். இங்கே நடப்பது மேல்வைத்தல் அன்று, ஓரங்களை இணைத்தல். எனினும் முழுப் போர்வைக்கு ‘ஒட்டுப் போர்வை’ என்ற பெயர் கேட்டவுடன் விளங்குவதால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அலகுக்கு மட்டும் தனிப்பெயர் வேண்டும். ‘துண்டு’ என்பது வெட்டிய சிறு துணிக்கே பொருந்தும். ஒன்பது துண்டுகள் சேர்ந்து ஒரே அலகாகும்போது இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், ‘துண்டைத் திருப்புக’ என்ற ஒரு வரியில் எதைத் திருப்புவது என்றே தெரியாது.

ஆகவே ‘துணிக்கட்டம்’ என்பதே என் முடிவு. சாதகத்தின் இராசிக் கட்டத்தில் ஒரே கிரகம் நிற்கும் இடத்துக்கேற்பப் பலன் வேறுபடுவதாகக் கொள்வது போல, இங்கும் கட்டம் நிற்கும் இடமும் நோக்கும் திசையுமே முழுப் போர்வையின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன. ‘கட்டம்’ என்று மட்டும் சொன்னால் கட்டம் போட்ட சாரத்தின் (லுங்கியின்) நெசவு நினைவுக்கு வரும் என்பதால் ‘துணி’ என்ற முன்னொட்டு தேவைப்படுகிறது.

இச்சொல்லைப் பழங்கால அமெரிக்கக் கட்டங்களோடு வைத்துப் பார்க்கலாம். கடும் நிறம் ஒன்றும் இளம் நிறம் ஒன்றுமாக இரு முக்கோணங்களைச் சேர்த்த கட்டத்தை நான்கு திசைகளில் வைக்க முடியும். நான்கு கட்டங்களின் கடும் நிற மூலைகள் நடுவில் சந்தித்தால் வைர வடிவம் தோன்றும். அந்த நான்கையும் இருந்த இடத்திலேயே ஒரே பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் காற்றாடி தோன்றும். பதினாறு கட்டங்களை நான்குக்கு நான்காக அடுக்கினால், திசையை மட்டும் மாற்றிப் பெறக்கூடிய அமைப்புகள் 429 கோடிக்கும் அதிகம். ஒரு புதிய துண்டும் வெட்டாமல் இத்தனையும் கிடைப்பதால், தைக்கும் முன் கட்டங்களைத் தரையில் பரப்பித் திருப்பிப் பார்ப்பதை எவரும் தவிர்க்கக் கூடாது.

1860களில் அமெரிக்காவில் பரவிய மரக்குற்றி வீட்டுக் கட்டம் (‘லாக் கேபின்’) இதைவிட வளமானது. நடுவில் ஒரு சிறு சதுரம் இருக்கும். அது பெரும்பாலும் சிவப்பாக அமையும். வீட்டின் அடுப்பு நெருப்பு என்று அதற்கு விளக்கம் சொல்வர். அதைச் சுற்றி நீள்துண்டுகள் ஏறிச் செல்ல, மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் இளம் நிறமாகவும் மறுபக்கம் கடும் நிறமாகவும் முடியும். இதை அடுக்கும் முறைகளுக்கு அமெரிக்க உழவர் தம் வாழ்க்கையிலிருந்து பெயரிட்டனர். சரிந்த கோடுகளாக ஓடும் அமைப்பு அவர்களுக்கு ‘நேர் உழுசால்’ ஆயிற்று. மலையகத்தில் அதற்கு, தேயிலைச் செடி வரிசையைக் குறிக்கும் ‘நிரை’ என்ற பெயரே பொருத்தம் என்று கருதுகிறேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் நிரை பிடித்து மலையேறும் நிலத்தில், ஏர் பூட்டாதவர்களுக்கு உழுசாலைக் கற்பிக்கத் தேவையில்லை. ‘வெயிலும் நிழலும்’ என்ற மற்றோர் அமைப்பின் பெயரோ எந்த மாற்றமும் இன்றித் தமிழில் நிற்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை ‘நிற மாற்று’ என்ற சொல்லைச் சற்றுக் கவனமாக ஆள வேண்டும். சிவப்புக்குப் பதில் பச்சையை வைப்பது மட்டும் நிற மாற்று அன்று; கடுமைக்கும் இளமைக்கும் உள்ள இடைவெளியே கோலத்தை வெளிக்காட்டுகிறது. கடுமையில் ஒத்த சிவப்பும் பச்சையும் அருகருகே வந்தால், கையில் வைத்துப் பார்க்கும்போது அழகாக இருந்தாலும், இஸ்தோப்பின் (வீட்டு முன்தாழ்வாரத்தின்) மறுமுனையிலிருந்து பார்க்கும்போது வடிவம் கரைந்துவிடும். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால் இக்குறை உடனே தெரியும். பழைய சேலைகளையும் ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துணிகளையும் கொண்டு தைப்போருக்கு இது பெரிய உதவி, ஏனெனில் கேட்ட நிறம் கிடைக்காதபோது கடுமையைக் கொண்டே துணிகளை இரு குவியலாகப் பிரிக்கலாம்.

ஒன்பது துண்டுக் கட்டத்தில் இந்த மாற்று மிகத் தெளிவாகத் தெரியும். மூலைகளும் நடுவும் கடும் நிறமாக, மற்ற நான்கும் இளம் நிறமாக இருக்க, கட்டத்துக்குக் கட்டம் வெற்று இளம் நிறச் சதுரத்தை இடையில் வைத்தால், கடும் நிறச் சதுரங்கள் மூலைக்கு மூலை தொட்டுச் சங்கிலியாக ஓடும். ஆறு அங்குலக் கட்டத்துக்குத் துண்டுகளை இரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். அதே கட்டத்தை மூலை மேலாக நிறுத்தினால், அகலத்தில் அது ஏறக்குறைய எட்டரை அங்குல இடத்தை எடுத்துக்கொள்ளும். இந்த நிலைக்கு ‘மூலைநிலை’ என்று பெயரிட்டால், ‘கட்டத்தை மூலைநிலையில் வைக்கவும்’ என்ற ஒரே வரியில் செய்முறையை எழுதிவிடலாம்.