கொலஸ்ட்ரால் பரம்பரையாக வரும்போது, வீட்டில் யாரெல்லாம் பரிசோதிக்க வேண்டும்?

"டாக்டர், நான் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. எனக்கு எப்படி இவ்வளவு கொலஸ்ட்ரால்?"

இதய நோய்ப் பிரிவில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். கேட்பவருக்குப் பெரும்பாலும் நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. ஒல்லியாக இருப்பார், சர்க்கரை இல்லை, சிகரெட் பழக்கம் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 240, 260 என்று இருக்கும். வீட்டில் உடனே எண்ணெயை மாற்றுவார்கள், தேங்காயை நிறுத்துவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 230.

இப்படிப்பட்டவரிடம் நான் முதலில் விசாரிப்பது சாப்பாட்டை அல்ல, குடும்பத்தை. அப்பா, அம்மா, சித்தப்பா, தாய்மாமன் யாருக்காவது சின்ன வயதிலேயே நெஞ்சுவலி வந்ததா? சற்று யோசித்துத்தான் பதில் வரும்: "அப்பா நாற்பத்திரண்டு வயசுல தூக்கத்துலயே போயிட்டார். வாயுன்னு சொன்னாங்க." வாயு என்று சொல்லி முடித்துவிட்ட பல மரணங்களுக்குப் பின்னால் மாரடைப்பு இருந்திருக்கலாம். அதனால் குடும்பத்தில் நோய் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது.

இந்தக் கோளாறுக்கு ஃபெமிலியல் ஹைபர்கொலஸ்ட்ரலீமியா என்று பெயர், சுருக்கமாக எஃப்.எச். உலக அளவில் ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ரத்தத்தில் உள்ள எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று பழுதானாலே கொலஸ்ட்ரால் பிறந்ததிலிருந்து கூடுதலாக இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இவர்களில் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயக் குழாய் நோய் வந்துவிடுகிறது.

இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன். கடுமையான எஃப்.எச். உள்ளவர்களின் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். ஊற்றியதும் சாதாரண செல்கள் சொந்தக் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. நோயாளிகளின் செல்களோ உற்பத்தி செய்துகொண்டே இருந்தன, எல்.டி.எல். வந்ததே அவற்றுக்குத் தெரியவில்லை. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்வதும் இந்த ஏற்பிகளைக் கூட்டித்தான்.

அப்புறம் 2003இல், எஃப்.எச். இருந்த பிரெஞ்சுக் குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. இந்த மரபணு உருவாக்கும் புரதம் எல்.டி.எல். ஏற்பிகளை அழிக்கிறது. அதே டல்லாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் நேரெதிரானவர்களைத் தேடினார்கள். இந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதயக் குழாய் நோயோ 88 சதவீதம் குறைவு. 2006இல் வந்த இந்த முடிவை நான் நோயாளிகளிடம் மறக்காமல் சொல்கிறேன். பிறந்ததிலிருந்தே எல்.டி.எல். கொஞ்சம் குறைவாக இருந்ததற்கு இவ்வளவு பலன்! எத்தனை அளவு என்பதோடு எத்தனை வருடம் என்பதும் சேர்ந்துதான் குழாயைக் கெடுக்கிறது. இன்று கிடைக்கும் பி.சி.எஸ்.கே.9 ஊசிகள் இந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தவைதான்.

நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும்போது, இருவரிடமும் அதே பழுதான மரபணு இருக்க வாய்ப்பு கூடுகிறது. இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு எல்.டி.எல். 500ஐத் தாண்டலாம். முழங்கால், முழங்கை, பிட்டத்தில் மஞ்சள் நிறக் கட்டிகள் வரும். தோல் நோய் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே வருடங்கள் ஓடிவிடும். இத்தகைய குழந்தைக்குப் பத்து, பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரலாம். கட்டியைப் பார்த்தால் தயவுசெய்து கொலஸ்ட்ராலையும் பாருங்கள். பெரியவர்களுக்குக் குதிகால் தசைநாண் தடித்திருப்பதும், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவதும் அடையாளங்கள்.

பெரியவருக்கு எல்.டி.எல். 190க்கு மேல் இருந்தால், தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்போம். இரண்டும் சரி என்றால் எஃப்.எச். என்று சந்தேகிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் உடன்பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்ய வேண்டும், குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே. விலை அதிகமான மரபணுப் பரிசோதனை முதல் கட்டத்தில் தேவையில்லை, ரத்தக் கொழுப்பு அளவுகளைக் காட்டும் சாதாரண லிப்பிட் புரொஃபைலே போதும்.

மாத்திரை போட்டு 110க்கு வந்ததும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்துபவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. மரபணு மாறவில்லை, நிறுத்திய சில வாரங்களில் பழைய அளவு திரும்பிவிடும். குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று அவர் முடிவு செய்வார்.