ட்ராமா என்றால் நாடகம் இல்லை

போரிலிருந்து வீடு திரும்பும் கணவன், வேறொருவனோடு பழகும் மனைவி, ராத்திரியில் ஒரு கொலை. இப்படி ஒரு த்ரில்லர் கதையில் அந்தக் கணவனின் மனக்காயத்தை (trauma) 'அவனுக்கு ஏதோ ட்ராமா' என்று தமிழில் எழுதினால், பாதிப் பேர் அவன் நாடகம் ஆடுகிறான் என்றுதான் படிப்பார்கள், ஏனென்றால் நாடகத்தைச் சொல்லும் டிராமாவும் (drama) நம் எழுத்தில் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கிறது.

இரண்டும் கிரேக்கச் சொற்கள். டிராமாவுக்கு வேர் 'செய்தல்'. ட்ராமா என்றால் புண். வெகுகாலம் அது உடம்புக் காயத்துக்கு மட்டுமே இருந்தது, இன்றும் விபத்தில் அடிபட்டவரை ட்ராமா வார்டுக்குத்தானே கொண்டுபோகிறோம். மனத்துக்கு அது வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

இந்தக் குழப்பம் என்னை உறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போரில் கை நடுங்கி, பேச்சு நின்றுபோன சிப்பாய்களைப் பார்த்துவிட்டு 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்', அதாவது பீரங்கிக் குண்டு தந்த அதிர்ச்சி, என்று எழுதினார், ஆனால் அதிகாரிகள் பலர் 'நடிக்கிறான்' என்றே சொன்னார்கள். ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்றவர்களில் 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு கிடைத்தது. அவர்களில் இப்படி மனம் உடைந்தவர்களும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அதிர்ச்சி' என்று போடுகிறார்கள், அது போதாது. மனைவியின் போனில் அந்தச் செய்தியைப் பார்த்த நொடியில் அவனுக்கு வருவது அதிர்ச்சி. போர் முடிந்து பத்து வருடம் கழித்தும் குக்கர் விசில் அடித்ததும் மேஜைக்கு அடியில் போய்ப் பதுங்குகிறானே, அது வேறு. இலங்கைத் தமிழ் மருத்துவர்கள் அதை 'மனவடு' என்கிறார்கள், ஷெல்லடிக்கு நடுவே வாழ்ந்த சனங்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களின் சொல் அது. வடு என்பது ஆறிய தழும்பாயிற்றே என்று கேட்கலாம். வள்ளுவர் "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு" என்கிறார்: உடம்புக்குப் புண், மனத்துக்கு வடு, அதுவும் ஆறாத வடு. விழுப்புண்ணும் போர்க்காயம்தான், ஆனால் அது மார்பில் வாங்கிப் பெருமைப்படுகிற காயம், இங்கே ஒட்டாது.

ஆக, 'போரின் மனவடுவோடு திரும்பிய கணவன்' என்று எழுதுங்கள். பேச்சில் என்றால் 'மனசுல ஆறாத காயம்' என்றாலே போதும்.