மழை பரவாயில்லை, மூடுபனிதான் வில்லன்

காங்கோ ஆற்றின் ஒரு கரையில் பிராசவில், எதிர்க்கரையில் கின்ஷாசா. இரண்டும் இரண்டு நாடுகளின் தலைநகரங்கள், இங்கே நின்றால் அங்கே இருக்கும் கட்டடங்கள் தெரியும். ஆனால் ஆறு ஆழம், வேகமும் அதிகம் என்பதால் ஃபைபர் கேபிள் நேரே வராமல் 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு வந்தது. 2021-இல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் டாரா குழு இரு கரையிலும் உயரத்தில் ஆளுக்கொரு பெட்டியை மாட்டி, நடுவிலுள்ள 4.8 கிலோமீட்டரை லேசர் ஒளிக்கற்றையால் இணைத்தது. 20 நாளில் ஏறக்குறைய 700 டெராபைட் போனது, 99.9 சதவீத நேரம் இணைப்பு இருந்தது என்றார்கள். கணக்குப் போட்டால் அந்த 20 நாளில் அரை மணி நேரம்தான் அறுந்திருக்கிறது.

டார்ச் அடிக்கிற மாதிரிதானே என்று தோன்றும். ஒளியில் தகவல் அனுப்புவது ஒன்றும் புதிதில்லை, 1880-லேயே கிரகாம் பெல் சூரிய ஒளியில் குரலை ஏற்றி 200 மீட்டருக்கு மேல் அனுப்பிவிட்டார். தினமும் தவறாமல் போய்ச் சேர வைப்பதுதான் பாடு.

முதல் தொல்லை, கற்றை விரியும். ஒரு மில்லிரேடியன் விரிவு என்றால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அகலமாகும். 4.8 கிலோமீட்டர் தாண்டும்போது கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் வட்டம், அதை வாங்கும் லென்ஸ் 10 சென்டிமீட்டர் என்றால் அனுப்பியதில் 2,300-இல் ஒரு பங்குதான் கைக்கு வரும். சரி, கற்றையை ஒடுக்கலாமே? ஒடுக்கலாம், ஆனால் கட்டடம் சும்மா நிற்காது. வெயிலில் ஒரு பக்கம் சூடேறி நெளியும், கோபுரமாக இருந்தால் காற்றில் ஆடும். அதனால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி ஓயாமல் திரும்பித் திரும்பி எதிர்ப்பெட்டியைக் குறி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் காற்று. தோசைக்கல்லுக்கு மேலே காற்று நெளியும் பாருங்கள், சூடும் குளிர்ச்சியும் கலந்த அந்த நெளிவுதான் வழி நெடுக இருக்கிறது, உச்சி வெயிலில் அதிகம். விண்மீன் மினுக்குவதும் இதனால்தான். ஆனால் நம் லேசர் ஒரு மில்லி நொடி மங்கினாலே, நொடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பில் ஒரு கோடி பிட் போச்சு. இதற்கு வைத்தியம் உண்டு: லென்ஸைப் பெரிதாக்கினால் ஒரு மூலை மங்கும்போது இன்னொரு மூலை பளிச்சென்று இருந்து ஈடுகட்டும், அனுப்பும் பிட்களைச் சீட்டு மாதிரி குலுக்கிக் கலந்து, கூடவே பிழை திருத்தும் பிட்களையும் சேர்த்துவிட்டால் இழந்ததை மீட்டுவிடலாம்.

மூடுபனிக்குத்தான் வைத்தியம் இல்லை. மழையைவிட அது மோசம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றை 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மூடுபனித் துளிகளாக உடைத்தால் 80 லட்சம் துளி வரும், அவை எல்லாம் சேர்ந்து மறைக்கும் பரப்பு பழைய துளியைப் போல 200 மடங்கு. தண்ணீர் அதேதான்! 200 மீட்டர் வரைதான் கண்ணுக்குத் தெரிகிற மூடுபனியில் கிலோமீட்டருக்குச் சுமார் 85 டெசிபல் இழப்பு. ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், இதில் 85. லேசரின் சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல், அதாவது இன்னும் 35 மீட்டர் தள்ளிப் போகலாம், அவ்வளவுதான். மலைப்பாதையில் ஹை பீம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே நம்பகம் வேண்டுமென்றால் பெரிய லேசர் வாங்குவதில் பயனில்லை. தூரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பக்கத்திலேயே ஒரு ரேடியோ இணைப்பை வைக்க வேண்டும். 70, 80 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவின் அலைநீளம் நாலு மில்லிமீட்டர். அதற்கு மூடுபனித் துளி தூசு, ஆனால் பெருமழையில் திணறும். லேசர் படுக்கும்போது அது நிற்கும், அது படுக்கும்போது லேசர் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், நல்ல ஜோடி.

ஒரு ஊரில் இணைப்பு எத்தனை கிலோமீட்டர் தாண்டும் என்பதற்கான விடை கருவியின் கையேட்டில் முழுதாக இருக்காது, பக்கத்து விமான நிலையத்தின் பார்வைத் தூரப் பதிவேட்டில் இருக்கிறது. காங்கோவில் ஐந்து கிலோமீட்டர் தாண்டிய பெட்டியைக் கொண்டுபோய் ஜனவரி டெல்லியில் மாட்டினால், 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத விடியற்காலையில் கால் கிலோமீட்டருக்கே யோசிக்க வேண்டும்.